பொடியும் ஏடும் பழுதுறும் தட்டும்

பினாங்குத் தீவின் கீழ்க்கரையில், ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே அமைந்துள்ள ஜெலுத்தோங், ஒரு மரத்தின் பெயரைத் தாங்கிய ஊராகும். அம்மரத்தின் பால் ஒரு காலத்தில் சுவிங்கம் செய்வதற்காகக் கடல் கடந்து சென்றது. 1972-ஆம் ஆண்டில், இன்னும் தெற்கே பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் தோன்றியது. அவ்வாண்டிலேயே இன்டெல் நிறுவனம் அங்குத் தொழிற்சாலை அமைத்தது. மரப்பால் போய் மின்னணுவியல் வந்தது. 1993-ஆம் ஆண்டில் கோமாக் என்னும் அமெரிக்க நிறுவனம், கணினியின் வன்தட்டுக்குள் சுழலும் காந்தத் தட்டுகளைப் பினாங்கில் செய்யத் தொடங்கியது. அலுமினியத் தகட்டின்மேல் நிக்கல் பூச்சும், அதன்மேல் கோபால்ட் கலவையாலான மிக மெல்லிய காந்தப் படலமும், அதற்கும் மேல் கரிப்பூச்சும் இட்டு உருவாக்கும் நுண்தொழில் அது. 2007-ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் கோமாக்கை விலைக்கு வாங்கியது. ஹார்ட் டிஸ்க் என்று மக்கள் வழக்கில் கூறப்படும் வன்தட்டின் இதயப் பகுதி, இவ்வாறு இத்தீவிலேயே வார்க்கப்பட்டு உலகெங்கும் சென்றது.

பிறந்த தட்டு ஒரு நாள் இறக்கவும் செய்யும். ஜெலுத்தோங் போன்ற ஊரில், தமிழ் படித்தோர் வாழும் வீடுகளின் இழுப்பறைகளில், இயங்காமற்போன கணினித் தட்டு ஒன்று கிடப்பது அரிய காட்சியன்று. அதனுள் ஒரு சிறுகதைத் தொகுப்பின் கையெழுத்துப்படி இருக்கலாம். பள்ளி ஆண்டுமலரின் கட்டுரைகளும், மறைந்த தந்தையாரின் குரல் பதிவும் இருக்கலாம். தாளில் எழுதியது கரையான் அரித்தாலும் பாதியேனும் கண்ணுக்குத் தெரியும். தட்டில் எழுதியதோ, தட்டு நின்றவுடன் முழுமையும் மறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அத்தோற்றம் பெரும்பாலும் பொய்யானது என்பதை மெய்ப்பித்த ஒரு கலையின் வரலாறு தமிழ் மாணவர் அறியத் தக்கது. ஏட்டுச்சுவடிப் பதிப்பின் வரலாற்றைக் கற்றவர்க்கு அக்கலை புதிதாகவும் தோன்றாது.

1887-ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை, தம் பதிப்புரையில், கட்டை அவிழ்க்கும்போதே இதழ் ஒடிவதையும், எடுக்கும்போதே ஓரம் உதிர்வதையும் எண்ணி வருந்தினார். படிக்க முயலும் செயலே படிக்கவேண்டியதை அழித்துவிடுகின்ற இக்கட்டான நிலை அது. பழுதுற்ற வன்தட்டின் நிலையும் இதுவே.

வன்தட்டு 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அதில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அவ்வளவு பெரும் பொறியில் 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. 1980-இல் சீகேட் நிறுவனம் சிறு கணினிகளுக்கென ஐந்தே கால் அங்குலத் தட்டினை வெளியிட்டது. அதன் கொள்ளளவும் ஏறத்தாழ அதே 50 இலட்சமாகவே இருந்தது. இக்காலத்துத் தட்டுகள் ஒரு நிமிடத்தில் 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுத்தைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் காற்றில் மிதக்கிறது. ஒரு தூசு போதும்; ஓர் அதிர்ச்சி போதும்; முனை தட்டில் உரசும். உரசிய இடத்துக் காந்தப் படலம் பொடியாகும். அப்பொடி வேறிடத்தில் முனையை இடறச் செய்யும். ஆதலின் நோயுற்ற தட்டை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பவர், ஏட்டுக்கட்டை அவிழ்த்தும் கட்டியும் பார்ப்பவரை ஒப்பர்.

படிக்க முடியாத பகுதி ஒன்று எதிர்ப்பட்டால் கணினி என்ன செய்கிறது? விடாமல் பலமுறை முயல்கிறது. ஒவ்வொரு முயற்சியிலும் முனை அப்புண்ணின் மேலேயே நிற்கிறது. தட்டைச் சரிபார்க்கவா என்று கேட்டு, உடன்பட்டால், எஞ்சியிருக்கும் அட்டவணையைத் திருத்தி எழுதவும் முற்படுகிறது. நல்ல தட்டுக்கு இது மருந்து; சாகுந்தறுவாயிலுள்ள தட்டுக்கு நஞ்சு. பொருள் விளங்காத இடத்தில் தம் கருத்துக்கேற்பப் பாடத்தைத் திருத்தி எழுதிய ஏட்டாசிரியர்களால் விளைந்த கேட்டைப் பதிப்பாசிரியர் நன்கறிவர். குளிர்ப்பெட்டியில் வைத்தால் தட்டு உயிர்பெறும் என்றொரு நம்பிக்கையும் நெடுநாள் உலவியது. ஈரக் காற்று மிகுந்த மலேசிய நாட்டில் குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தவுடன் நீர்த்துளி படியும் என்பதை எண்ணினாலே அம்மருத்துவத்தின் தரம் விளங்கும்.

இத்தகைய சூழலில் லினக்ஸ் பயன்பட்டதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டம், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்களை உருவாக்க முனைந்தது. 1991-இல் பின்லாந்தின் எல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். இரண்டும் இணைந்தன. இந்த இயங்குதளத்தில் முழுத் தட்டும், உள்ளிருக்கும் கோப்புகளைப் பற்றிய கவலையின்றி, ஒரு நீண்ட எழுத்துத் தொடராகவே படிக்கப்படலாம். பொருள் அறியாமலே எழுத்தெழுத்தாகப் படியெடுக்கும் ஏட்டாளன் போலக் கணினியைப் பணிகொள்ள இயல்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கிளாவுஸ் குனோப்பர், கணினியின் தட்டைத் தொடாமலே குறுவட்டிலிருந்து இயங்கும் குனோப்பிக்ஸ் என்னும் லினக்ஸ் தொகுப்பை வழங்கினார். நோயாளியின் படுக்கையில் மருத்துவர் உட்காராமலே நாடி பார்க்கும் வசதி இதனால் உண்டாயிற்று.

படியெடுக்கும் கருவிகளுள் மூத்தது டிடி என்பதாகும். 1970-களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் தோன்றிய இச்சிறு கட்டளை, ஐ.பி.எம். பெருங்கணினிகளின் கட்டளை மொழியிலிருந்து தன் பெயரைப் பெற்றது. எங்கிருந்து எடுப்பது, எங்கே வைப்பது என்ற இரண்டையும் சொன்னால் அது படியெடுக்கும். அவ்விரண்டையும் மாற்றிச் சொன்னாலோ, வெற்றுத் தட்டின் வெறுமையை நிறைந்த தட்டின்மேல் எழுதி அனைத்தையும் அழித்துவிடும்! 'தட்டழிப்பான்' என்று பொருள்படும் கேலிப்பெயர் அதற்கு வழங்கியது காரணமின்றியன்று. மேலும், படிக்க இயலாத இடம் வந்தால் டிடி நின்றுவிடும். நிற்காதே என்று பணித்தால் அவ்விடத்தைச் சுழியங்களால் நிரப்பிவிட்டு மேலே செல்லும். எங்கே நிரப்பியது என்னும் செய்தியை நிலையான குறிப்பாக வைப்பதில்லை. எழுத்தாளர் இட்ட வெற்றிடம் எது, அழிவினால் விளைந்த வெற்றிடம் எது என்று பின்னர் எவராலும் பிரித்தறிய முடிவதில்லை.

இக்குறையைக் களைய இருவர் வெவ்வேறாக முயன்றனர். ஜெர்மனியின் கர்ட் கார்லோஃப் இயற்றியது டிடி_ரெஸ்க்யூ. ஸ்பெயினைச் சேர்ந்த அந்தோனியோ டியாஸ் டியாஸ் 2004-இல் க்னூ திட்டத்தின்கீழ் வெளியிட்டது டிடிரெஸ்க்யூ. இடையிலுள்ள ஓர் அடிக்கோடு தவிரப் பெயரில் வேறுபாடில்லை. தெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பில் முன்னதன் பொதிக்குப் பின்னதன் பெயரும், பின்னதற்கு வேறொரு முன்னெழுத்தும் இட்டு வைத்ததனால் குழப்பம் இன்னும் முற்றியது. ஔவையார் பலரையும் ஒருவராகக் கொண்டு மயங்கிய உலகத்துக்கு இது புதிய துன்பமன்று.

டியாஸின் கருவி செய்யும் பணியின் ஒழுங்கு கூர்ந்து நோக்கத் தக்கது. முதற்சுற்றில் அது நலமான பகுதிகளை மட்டும் விரைவாகப் படித்துக்கொள்கிறது. இடறும் இடம் வந்தால் அங்கே நில்லாமல் தாண்டிச் செல்கிறது. தட்டு எந்நேரமும் நின்றுவிடலாம் ஆகையால் எளிதில் கிடைப்பதை முதலில் கரைசேர்த்துவிடுகிறது. அடுத்த சுற்றில், தாண்டிய பகுதியின் ஓரங்களை இருபுறத்திலிருந்தும் நெருங்கிச் செதுக்குகிறது. அதன்பின், எஞ்சிய பகுதியை ஒவ்வொரு துண்டமாகச் சுரண்டுகிறது. இறுதியாக, பயன்படுத்துவோர் வேண்டினால், படியாத இடங்களை மீண்டும் முயல்கிறது. பழைய தட்டுகளில் ஒரு துண்டம் என்பது 512 பைட்டு. ஒரு பைட்டு எட்டு நுண்குறிகளால் ஆன அலகு. 2010-ஐ ஒட்டிப் பரவிய தட்டுகளில் அது 4,096 பைட்டாயிற்று.

இவ்வளவும் திறமை எனலாம். இக்கருவியின் பெருமை வேறோரிடத்தில் உள்ளது. தொடக்கம் முதலே அது ஒரு வரைபடக் கோப்பை எழுதிக்கொண்டே செல்கிறது. தட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அதில் ஒரு குறி உண்டு. முழுமையாகப் படித்த இடத்துக்குக் கூட்டற்குறி. படிக்கவே முடியாத இடத்துக்குக் கழித்தற்குறி. இன்னும் முயலாத இடத்துக்கு வினாக்குறி. ஓரம் செதுக்கப்படாத இடத்துக்கு உடுக்குறி. சுரண்டப்படாத இடத்துக்குச் சாய்கோடு. மின்சாரம் நின்றாலும், தட்டு சூடேறியதென்று நிறுத்தி மறுநாள் தொடங்கினாலும், விட்ட இடத்திலிருந்து பணி தொடர்கிறது. ஒருமுறை படித்த இடத்தை அது மீண்டும் தொடுவதில்லை.

1894-ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்பைக் கண்டவர்க்கு இக்குறிகள் எதை நினைவூட்டும் என்று சொல்லவேண்டுவதில்லை. உ. வே. சாமிநாதையர் சிதைந்த அடிகளின் இடத்தில் புள்ளிகளை இட்டார். 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லையெனில், அவ்வெண்களைப் பின்வரும் பாடல்களுக்குத் தந்து வரிசையை ஒட்டவைக்க அவர் எண்ணவில்லை. வெற்றிடம் வெற்றிடமாகவே நின்றது. ஐங்குறுநூற்றில் 129, 130; பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும்; எழுபது என்று எண்ணிச் சொல்லப்பட்ட பரிபாடலில் இருபத்திரண்டுக்கு மேற்பட்டவை. இழந்தவை இவை என்று இன்றைய மாணவன் எண்ணோடு சொல்ல முடிவது அப்பதிப்பு நெறியின் பயனாகும். யாப்பறிந்த புலவர் எதுகையும் மோனையும் கொண்டு அவ்விடங்களை நிரப்பியிருத்தல் கூடும். நிரப்பியிருந்தால் இன்று நமக்குக் கிடைப்பது நிறைந்த நூலாகத் தோன்றும். எது பழையது என்பதே தெரியாமற் போயிருக்கும்.

டிடிரெஸ்க்யூவில் நிரப்பும் முறை ஒன்றும் உண்டு. அது நிரப்புவது பொருளையன்று. 'பழுதுற்ற துண்டம்' என்பது போன்றதோர் அடையாளத் தொடரை, கழித்தற்குறியுள்ள இடங்களிலெல்லாம் படியின்மேல் எழுதச் செய்யலாம். பின்னர் கிரெப் என்னும் தேடுகருவியால் அத்தொடரைத் தேடினால், எந்தெந்தக் கோப்புகள் ஊனமுற்றன என்பது வெளிப்பட்டுவிடும். ஐயர் இட்ட புள்ளிகளும் இவையும் ஒரே பணியைச் செய்கின்றன.

பல படிகளை ஒப்பிடும் முறையும் இங்குண்டு. ஒரே குறுவட்டின் இரண்டு பிரதிகள் வெவ்வேறு இடங்களில் கீறலுற்றிருந்தால், முதற்பிரதியில் படியாத பகுதியை இரண்டாவதிலிருந்து எடுத்து நிறைவுசெய்ய வரைபடக் கோப்பு வழிகாட்டுகிறது. சீவக சிந்தாமணிக்கு இருபதுக்கு மேற்பட்ட ஏட்டுப்படிகளைத் தேடி ஒப்புநோக்கிய உழைப்பை ஈண்டு நினைக்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சுவடிகளுக்குள் பாடவேறுபாடு உண்டு. ஒன்றைத் தேர்வதற்குப் புலமை வேண்டும். தட்டின் துண்டத்துக்கோ, பிழைகாணும் எண்கள் உடன் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றோடு பொருந்தினால் ஏற்கும், பொருந்தாவிடின் படிக்கவில்லையென்று மறுக்கும். அரைகுறையாகத் தெரியும் எழுத்தை ஊகிக்கும் பேறு கணினிக்கு இல்லை. இவ்விடத்தில் ஏடே மேலானது.

படி எடுத்தபின், மூலத்தட்டை எடுத்து வைத்துவிட்டுப் படியின்மேலேயே எஞ்சிய ஆய்வெல்லாம் செய்தல் வேண்டும். கோப்புகளின் அட்டவணை தப்பியிருந்தால் வேலை எளிது. அட்டவணை அழிந்திருந்தால், பிரான்சு நாட்டுக் கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்னும் இரு கருவிகள் உதவுகின்றன. முன்னது, தட்டின் பிரிவுகளைத் தேடி அட்டவணையை மீட்க முயலும். பின்னது, அட்டவணையையே பொருட்படுத்தாது. கோப்புகளின் தொடக்கக் குறிகளைத் தேடும். 255, 216, 255 என்னும் எண்வரிசையில் தொடங்கினால் அஃது ஒளிப்படம். 208, 207, 17, 224 என்று தொடங்கினால் பழைய வேர்டு ஆவணம். உரைகளிலும் தொகைநூல்களிலும் மேற்கோளாகக் கிடந்த பரிபாடற் பகுதிகளை, அவற்றின் இயல்பு நோக்கி இனங்கண்டு தொகுத்த முறைக்கு இது நெருங்கியது. இவ்வாறு மீண்ட கோப்புகளுக்குப் பழைய பெயர் இராது. கருவி எண்களையே பெயராக இடும். செம்புலப்பெயனீரார் என்று பாடலின் தொடராலேயே புலவரைச் சுட்டவேண்டி நேர்ந்தது போல, மீட்டவர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துப் பெயரிடவேண்டும். கோப்பு தட்டில் ஒரே தொடர்ச்சியாக இராமல் பல துண்டுகளாகச் சிதறியிருந்தால் இம்முறை பெரும்பாலும் தோற்கும். ஏட்டெண் அழிந்து கயிறறுந்த சுவடிக்கட்டைச் சீர்செய்ய முற்பட்டவர் அத்துன்பத்தை அறிவர்.

மென்பொருளால் இயலாதவையும் உண்டு. முனை ஒடிந்து 'டிக், டிக்' என்று ஒலிக்கும் தட்டை எக்கட்டளையாலும் எழுப்ப முடியாது. தூசற்ற அறையில் திறந்து, உறுப்பு மாற்றும் வல்லுநரிடமே அது செல்லவேண்டும். அதன் எல்லை எவ்வளவு விரிந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரோடு கொலம்பியா விண்ணோடம் வானில் சிதறியது. அதிலிருந்த 340 மெகாபைட்டு சீகேட் வன்தட்டு ஒன்று எரிந்து உருக்குலைந்து மண்ணில் வீழ்ந்தது. குரோல் ஆன்டிராக் என்னும் நிறுவனத்தைச் சார்ந்த வல்லுநர், அதன் தட்டுகளைத் தூய்மை செய்து வேறோர் உறையில் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காட்டுச் செய்தியை மீட்டனர். செனான் வளிமத்தைப் பற்றிய ஆராய்ச்சி முடிவு அதனால் 2008-இல் வெளிவந்தது. மீட்சிக்குத் துணைநின்றவற்றுள் ஒன்று, அக்கணினி எளிய டாஸ் இயங்குதளத்தைக் கொண்டிருந்தமை. செய்திகள் சிதறாமல் ஓரிடத்திலேயே எழுதப்பட்டிருந்தன. இத்தகைய பணிக்கு ஆகும் செலவு ஓர் ஆசிரியரின் வருவாய்க்கு எட்டுவதன்று. முனை நலமாயிருந்து தட்டில் மட்டும் புண்ணிருக்கும் நிலைக்கே, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் கருவிகள் உரியவை.

தமிழ் ஆவணத்தைப் பொறுத்தவரை மீட்சி இவ்வளவில் முடிவதில்லை. பைட்டுகள் அனைத்தும் மீண்டபின்னும் எழுத்து மீளாதிருக்கக்கூடும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்னும் தமிழ் மென்பொருளைப் படைத்து, 1997-இல் தமிழ் இணைய மாநாட்டையும் கூட்டினார். 1999-இல் சென்னை மாநாடும், 2001-இல் கோலாலம்பூர் மாநாடும் நிகழ்ந்தன. அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. ஒரே கவிதை ஒரு முறையில் ஒருவகை எண்வரிசையாகவும், மற்றொன்றில் வேறுவகையாகவும் தட்டில் பதிந்தது. யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியதாயினும், மக்கள் வழக்கில் அது நிலைபெறப் பல ஆண்டுகள் சென்றன. ஆகவே 1990-களில் எழுதப்பட்ட மலேசியத் தமிழ்ப் படைப்புகளில் பெரும்பகுதி பழைய குறியீடுகளிலேயே தங்கிவிட்டது.

அட்டவணையிழந்த தட்டில் இவற்றைத் தேடுவோர், தேடுவது எக்காலத்து எழுத்து என்று முதலில் அறிதல் வேண்டும். யூனிகோடு உரை யூ.டி.எஃப்-8 முறையில் இருந்தால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் உண்டு. முதலிரண்டு 224, 174 ஆகவோ 224, 175 ஆகவோ இருக்கும். அகரம் 224, 174, 133. இம்முதலிரண்டு எண்கள் அடுத்தடுத்துத் தோன்றும் இடத்தில் தமிழ் இருக்கிறது என்று துணியலாம். பாமினி எழுத்துருவில் எழுதியதோ வேறுவகை. அதில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைக்குறிகளாகவே தட்டில் கிடக்கும். எழுத்துத் தொடர்களைச் சலித்தெடுக்கும் ஸ்டிரிங்ஸ் என்னும் லினக்ஸ் கட்டளைக்கு இது கண்ணில் படும்; பொருளற்ற குப்பையென்று மனிதர்தாம் ஒதுக்கிவிடுவர். டிஸ்கி எனப்பட்ட தகுதரக் குறியீட்டிலுள்ள தமிழோ, அக்கட்டளையின் இயல்பான அமைப்பில் கண்ணில் படாது. எட்டு நுண்குறிகளையும் நோக்குமாறு தனியே பணிக்கவேண்டும். டிஸ்கியை யூனிகோடாக மாற்றும் வசதி லினக்ஸின் ஐகான்வ் கருவியிலேயே உள்ளது. பாமினிக்கும் பிற முறைகளுக்கும், தமிழார்வலர் எழுதிய மாற்றிகளைத் தேடிக்கொள்ளவேண்டும். வட்டெழுத்தைப் படிக்கத் தெரியாதவன் கல்வெட்டின் முன் நிற்பது போலவே, குறியீட்டு முறை அறியாதவன் மீட்ட கோப்பின் முன் நிற்கிறான்.

1880-களில் குலாம் காதிறு நாவலர் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தினார். அந்நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் எழுந்த தமிழ் இதழ்களுள் பலவற்றுக்குப் பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. தாளில் அச்சிட்டவற்றின் நிலையே அதுவாயின், ஒரே தட்டில் ஒரே படியாக வாழ்பவற்றின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் பல படிகளாகப் பரப்பிற்று. சங்கநூல் இனி ஒரு தட்டோடு அழியாது. ஆபத்து அண்மைக்கால எழுத்துக்கே உரியதாகிவிட்டது.

ஜெலுத்தோங்கின் இழுப்பறையில் கிடக்கும் தட்டு ஒலியெழுப்பாமல் சுழலுமாயின், இன்றும் அதற்கு வழியுண்டு. அதனை மேலும் இயக்கிப் பாராமல், அதனினும் பெரிய வெற்றுத் தட்டு ஒன்றையும், லினக்ஸ் ஏற்றிய ஒரு விரலியையும் கொண்டு அமர்ந்தால், ஓரிரவோ ஒரு வாரமோ கழித்துப் படியும் வரைபடக் கோப்பும் கிடைக்கும். அக்கோப்பில் கூட்டற்குறிகளுக்கு நடுவே சில கழித்தற்குறிகள் நிற்கும். படியோடு அவற்றையும் சேர்த்தே பாதுகாத்தல் வேண்டும். பிற்காலத்தில் அந்நூலைப் பதிப்பிப்பவர், எந்தெந்த இடத்தில் புள்ளியிடவேண்டும் என்பதை அதிலிருந்தே அறிந்துகொள்வார்.